ஒயின் ஊரும் மாமியாரின் முழங்காலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாரிஸில் வேலை பார்க்கும் மகளிடம் செப்டம்பரில் மூன்று வாரம் போகிறோம். நான், கணவர், மாமியார். மாமியாருக்கு 72 வயது. முழங்கால் வலியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எங்களைவிடத் தெம்பு. பிரான்சின் ஒயின் ஊர்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய குறிப்பில் 'செயின்ட் எமிலியன்' என்ற ஊரில் பாறையைக் குடைந்து செய்த தேவாலயம் இருப்பதாக இரண்டு வரி வந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த ஊர் மேல் ஒரு கண். கணவர், "நம் வீட்டில் ஒருத்தரும் குடிப்பதில்லை, ஒயின் ஊரில் போய் என்ன செய்வது?" என்கிறார். போகலாமா? போர்தோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா, இரவு தங்க வேண்டுமா? நாங்கள் சைவம், மாமியார் முட்டையும் தொடமாட்டார். என் தம்பி வேறு 'கிராண்ட் க்ரூ' ஒயின் ஒரு பாட்டில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறான். எதைப் பார்த்து வாங்குவது என்றே தெரியவில்லை.

அன்புடன்,
க.,
கோயம்புத்தூர்

—

அன்புள்ள க.,

தாராளமாகப் போகலாம். உங்கள் கணவரின் கேள்வியும் நியாயமானதுதான். முதல் தடவை போனபோது நானும் ஒயினுக்காகப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பி நாலு நாள் கழித்து யோசித்துப் பார்த்தால் என்ன குடித்தேன் என்பது ஞாபகத்தில் இல்லை. கல் ஞாபகம் இருந்தது.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். 'சேந்தெமிலியோன்' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள், கடைசி 'ன்' மூக்கோடு நிற்கட்டும். டிக்கெட் கவுன்டரில் நான் 'செயின்ட் எமிலியன்' என்று மூன்று முறை சொல்லியும் பலனில்லை. கடைசியில் எழுதிக் காட்டினேன்.

அந்த ஊர் சுண்ணாம்புக்கல் மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பல நூறு வருடங்களாக அந்தக் கல்லை அறுத்தெடுத்து வீடு கட்டினார்கள். போர்தோ நகரத்தில் தேன் நிறத்தில் நீங்கள் பார்க்கப்போகும் கட்டடங்களுக்கும் இந்த வட்டாரத்துக் கல் போயிருக்கிறது. அறுத்தெடுத்த இடமெல்லாம் சுரங்கம். ஊருக்கும் தோட்டங்களுக்கும் அடியில் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படி இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். கோடை, குளிர் இரண்டிலும் அங்கே ஒரே மாதிரி குளிர்ச்சி என்பதால் பல சுரங்கங்கள் ஒயின் நிலவறை ஆகிவிட்டன. மேலே அதே கல்லில்தான் கொடி வேர் விடுகிறது. மழை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடும் கல் அது. வீடு, கோயில், நிலவறை, திராட்சை எல்லாம் ஒரே பாறையின் பிழைப்பு. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் இதை முழுக்கப் பார்த்துவிட்டு வரலாம். 1999இல் யுனெஸ்கோ இந்த ஊரைத் தனியாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கவில்லை. சுற்றியிருக்கும் திராட்சை நிலத்தையும் ஏழு கிராமங்களையும் சேர்த்து ஒரே பண்பாட்டு நிலமாகச் சேர்த்தது.

போன உடனே, பையைக்கூடப் பிரிக்காமல், சுற்றுலா அலுவலகத்தில் நிலத்தடிப் பகுதிக்கான நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். ஆங்கிலத்தில் சொல்லும் சுற்று எத்தனை மணிக்கு என்று முன்னமே பார்த்து வையுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும்.

தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கீழ்ச் சதுக்கத்தில் ஒரு பாறைச் சுவர், அதில் சில ஜன்னல்கள், ஒரு வாசல். உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்புறம்தான் அதன் பிரமாண்டம் தெரியும். நீளம் 38 மீட்டர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்தது. நம் குடைவரைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு விஷயம் சட்டென்று பிடிபடும், கூட வரும் ஐரோப்பியர்களுக்கு அதை வழிகாட்டி விளக்க வேண்டியிருக்கும்: அங்கே ஒரு தூணும் நட்டு வைத்ததில்லை, குடையும்போது விட்டுவைத்தது. அந்தத் தூண்களில் சிலவற்றை இப்போது இரும்புச் சட்டங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பார்க்கக் கால் முறிந்தவருக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கும். தலைக்கு மேலே, பாறையின் உச்சியில், பிற்பாடு கட்டிய 68 மீட்டர் மணிக்கோபுரம் நிற்கிறது. அதன் பாரம் ஒரு பக்கம், கல்லுக்குள் இறங்கும் தண்ணீர் ஒரு பக்கம் என்று தூண்கள் பலவீனப்பட்டதால் இந்த ஏற்பாடு. அங்கே நின்று மேலே பார்த்தபோது நான் என்னையறியாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லைதான். சுவரில் ஓவியங்கள் இருந்திருக்கின்றன. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்புக்காகச் சுவரைச் சுரண்டியதில் பெரும்பகுதி போய்விட்டது.

அதே சுற்றில் எமிலியோன் என்ற துறவி வாழ்ந்ததாகச் சொல்லும் குகையும் வரும். எட்டாம் நூற்றாண்டு, பிரான்சின் வடமேற்கில் பிரிட்டனிப் பக்கம் வான் என்ற ஊர்க்காரர். ஒரு பிரபுவின் வீட்டில் வேலை பார்த்தபோது ஏழைகளுக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்துவந்தாராம். ஒருநாள் எஜமானர் வழிமறித்து அங்கியைத் திறக்கச் சொல்ல, உள்ளே இருந்த ரொட்டியெல்லாம் விறகுக் கட்டையாகத் தெரிந்ததாம். குகையில் ஒரு ஊற்று இருக்கிறது. பாறையில் செதுக்கிய ஒரு இருக்கையும் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் இன்றும் அதில் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறார்கள். என்னோடு வந்த கூட்டத்தில் ஒரு இளம் பெண், எல்லோரும் அடுத்த அறைக்கு நகரும்வரை காத்திருந்து, சட்டென்று உட்கார்ந்து எழுந்துகொண்டாள். திரும்பிப் பார்த்த ஒரே ஆள் நான். பார்க்காத மாதிரி நடந்துவிட்டேன். உங்கள் மாமியாருக்கு அந்த ஊரில் வழிகாட்டியே இல்லாமல் புரியப்போகிற இடம் இதுதான்.

இனி அவருடைய முழங்கால். ஊர் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டாக இருக்கிறது. நடுவில் 'தெர்த்ர்' என்று சொல்லும் செங்குத்தான கல் பாவிய சந்துகள். மழை பெய்தால் வழுக்கும். சிலவற்றில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். கீழே இறங்குவது ஒரே ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தடிச் சுற்றிலும் படிகள் உண்டு, தரை சமமாக இருக்காது, கைத்தடி எடுத்துக்கொள்ளட்டும். மற்ற நேரம் மேல் ஊரிலேயே இருக்கலாம். மணிக்கோபுரத்தின் அடியில் இருக்கும் திறந்தவெளியிலிருந்து பார்த்தால் கீழ்ச் சதுக்கம், ஓட்டுக் கூரைகள், அதற்கு அப்பால் ஊர் முடிகிற இடத்திலேயே தொடங்கிவிடும் திராட்சை வரிசைகள் எல்லாம் தெரியும். கோபுரத்தில் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான படிகள். நீங்களும் கணவரும் ஏறுங்கள், அம்மா கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். தோட்டங்களுக்குள் ஓட்டிக் காட்டும் சின்ன ரயில் வண்டி ஒன்றும் இருக்கிறது. எனக்கு இந்த மாதிரி பொம்மை வண்டிகள் ஆகாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு இரவாவது தங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் பதினொரு மணிக்குமேல் பேருந்துக் கூட்டம் வந்து இறங்கினால் சந்துகளில் ஆளை ஆள் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆறு மணிக்குக் கூட்டம் கலைந்தபின் கல் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் ஒரு அரைமணி நேரம் இருக்கிறது. அதை ஒருநாள் பயணக்காரர்கள் யாரும் பார்ப்பதில்லை.

செப்டம்பரில் மூன்றாவது ஞாயிறு ஒத்துவருமா பாருங்கள். அன்று 'ஜுராட்' என்ற ஒயின் சபையினர் சிவப்பு அங்கியோடு ஊர்வலம் வந்து, மாலையில் 'ராஜா கோபுரம்' என்ற வேறொரு கோபுரத்தின் மேல் ஏறி அறுவடையை அறிவிப்பார்கள். 1199இல் இங்கிலாந்து மன்னர் ஜான் கொடுத்த சாசனத்தில் தொடங்கிய சபை இது. அப்போது இந்தப் பகுதி இங்கிலாந்து அரச குடும்பத்தின் கையில் இருந்தது, ஒயினுக்குப் பெரிய சந்தையும் அங்கேதான். புரட்சியில் கலைந்துபோய், 1948இல் மறுபடி கூட்டினார்கள். இப்போது பாதி சடங்கு, பாதி விளம்பரம். இருந்தாலும் பார்க்கலாம். அறைகள் மட்டும் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும்.

போகும் வழி. பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுமேல். அங்கிருந்து பெர்ஜெராக் பக்கம் போகும் உள்ளூர் ரயிலில் அரைமணிக்குக் கொஞ்சம் கூட. இந்த இரண்டாவது ரயிலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இறங்கினேன். நிலையம் ஊரில் இல்லை, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. ஆள் இல்லை, டாக்சி இல்லை, டீக்கடை இல்லை. ரயில் போனபின் நானும் திராட்சையும்தான். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். தார் ரோடு வரைக்கும் சமர்த்தாக வந்த பெட்டி, ஊருக்குள் கல் பாவிய ஏற்றத்தில் பத்தாவது நிமிடம் ஒரு சக்கரத்தை உதிர்த்தது. மீதி ஏற்றத்துக்கு அதைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். ஒரு கிழவர் ஜன்னலைத் திறந்து பார்த்து ஏதோ சொன்னார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் முன்கூட்டியே டாக்சி சொல்லிவைத்துவிடுங்கள். அல்லது வழியில் வரும் லிபூர்ன் நிலையத்தில் இறங்குங்கள், எட்டு கிலோமீட்டர்தான். பெரிய பெட்டிகளை மகள் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆளுக்கொரு தோள்பையோடு வருவது உத்தமம்.

ஒயின் தோட்டங்களின் பெயரில் வரும் 'ஷத்தோ' என்றால் அரண்மனை என்று அகராதி சொல்லும். இங்கே பாதிக்குமேல் ஓடு வேய்ந்த வீடும் ஒரு கொட்டகையும்தான். ஒரே ஒரு இடம் பார்த்தால் போதும், சின்னதாகக் குடும்பமே நடத்துகிற தோட்டமாகப் பாருங்கள். அறுவடை நேரம் என்பதால் முன்பதிவு இல்லாமல் போனால் யாருக்கும் பேச நேரமிருக்காது. பதிவு செய்யும்போதே குடிக்க மாட்டோம் என்று சொல்லிவிடலாம். முகம் சுளிக்க மாட்டார்கள். சுவைக்கும் அறையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும், தொழில்காரர்களே துப்பத்தான் செய்வார்கள். எங்களுக்குக் காட்டிய அம்மாள், பேச்சை நிறுத்தாமல், ஒரு முழம் தள்ளியிருந்த பாத்திரத்தில் மெல்லிய கோடு மாதிரித் துப்பினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. வெற்றிலை போடும் எங்கள் பெரியப்பாவுக்குப் பிறகு அந்தக் கைத்திறனை, இல்லை வாய்த்திறனை, அங்கேதான் பார்த்தேன்.

தம்பியின் பாட்டில். லேபிளில் 'சேந்தெமிலியோன் கிராண்ட் க்ரூ' என்று மட்டும் இருந்தால் மயங்கிவிடாதீர்கள். கொஞ்சம் கடுமையான விதிகளின்படி செய்தது என்பதற்குமேல் அதில் தரப் பட்டியல் எதுவும் கிடையாது. கூடவே 'க்லாஸே' என்ற சொல் இருந்தால்தான் பட்டியலில் வந்தது. 1955இல் தொடங்கிய பட்டியல், பத்து வருடத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள், யாராவது நீதிமன்றம் போவதும் உண்டு. 2006ஆம் ஆண்டுப் பட்டியல் வழக்கிலேயே செத்தது. 2022 பட்டியலில் 85 தோட்டங்கள். உச்சியில் இருந்த ஓஸோன், ஷெவால் ப்ளாங், ஆஞ்செலூஸ் மூன்றும் "எங்களுக்கு வேண்டாம்" என்று முன்னதாகவே விலகிவிட்டன. ஆகவே பட்டியலையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் நேரில் பார்த்த தோட்டத்திலேயே ஒன்று வாங்கிக் கொடுங்கள், சொல்லக் கதையாவது இருக்கும். கைப்பையில் விடமாட்டார்கள், துணிகளுக்கு நடுவே சுருட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை.

கடைசியாகச் சாப்பாடு, இதில்தான் நல்ல செய்தி இல்லை. மதியம் இரண்டு மணிக்குமேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு ஏழு மணிக்குமேல்தான் மறுபடி. வாத்து, மாடு, ஆற்று மீன் இதைச் சுற்றித்தான் பட்டியல் முழுக்க. வெதுவெதுப்பான ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட் கிடைக்கும், அதுவும் மாமியாருக்கு இறங்குமா என்று தெரியவில்லை. ஊரின் புகழ்பெற்ற தின்பண்டம் மக்கரோன். பாரிஸில் கலர் கலராகப் பார்ப்பீர்களே, அது இல்லை. 1620இல் உர்சுலின் கன்னியாஸ்திரீகள் செய்யத் தொடங்கியதாகச் சொல்லும் இது, தட்டையாக, வெடிப்பு விட்டு, அடியில் காகிதம் ஒட்டிக்கொண்டு வரும். பாதாம், சர்க்கரை, அவ்வளவுதான் என்று கடைக்காரர் சொல்வார். முட்டை வெள்ளைக்கருவும் உண்டு, கேட்டால்தான் சொல்வார். நீங்கள் இரண்டு பேரும் சாப்பிடுங்கள். மாமியாருக்கு மகள் வீட்டிலிருந்தே தயிர் சாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், மணிக்கோபுரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்