வில்லன் இல்லாத கிறிஸ்துமஸ் – கடிதம்

அன்புள்ள சார்,

பிபிசியின் அறிபுனைத் தொடரான டாக்டர் ஹூவில், காலப்பயணியான டாக்டராகப் பீட்டர் கபால்டி நடித்த மூன்று சீசன்களையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். கடைசியாக 2017 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி, ‘ட்வைஸ் அப்பான் எ டைம்’. அவ்வளவு பெரிய நடிகருக்கு இப்படியா விடைகொடுப்பது? எதிரி என்று ஒருவருமில்லை. சாகப்போகிறவர்களின் நினைவுகளைச் சேகரிக்கும் ஒரு கண்ணாடிப் பெண்ணைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் அவள் நல்லவள்தான் என்கிறார்கள். முதல் டாக்டரும் கபால்டியும் ரீஜெனரேஷன் (சாகும் நிலையில் டாக்டர் உடல் மாறி வேறொரு நடிகராக ஆவது) வேண்டாம் என்று ஆளுக்கொரு பக்கம் அடம்பிடிக்கிறார்கள். முதல் உலகப்போர் கேப்டன் பிழைப்பது வெறும் அதிர்ஷ்டம். போதாததற்கு முதல் டாக்டரைப் பெண்களை மட்டம்தட்டும் கிழவராக ஆக்கியிருக்கிறார்கள். நம் சேனல்களின் பண்டிகைநாள் பட்டிமன்றம் போல, தேதிக்காக ஒப்பேற்றியது என்றே தோன்றியது. நீங்கள் இதை உயர்வாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்குத்தான் பிடிபடவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதல் டாக்டர் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. அதை முதலில் முடித்துவிடுகிறேன். கபால்டியின் பயணத்தோழி பில்லிடம் அவர் ‘பின்பக்கத்தில் நாலு வைப்பேன்’ என்று மிரட்டுவது மட்டும் பழைய சரக்கு. 1964ல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னல், கதையில் தன் பேத்தியான சூசனிடம் சொன்னதுதான். டாக்டரின் காலக்கப்பலான டார்டிஸைக் கூட்டித் துடைக்க ஒரு பெண் இல்லையே என்கிற ரகப் பேச்செல்லாம் இந்தப் பகுதியை எழுதிய ஸ்டீவன் மொஃபாட் சேர்த்தது. ஹார்ட்னலின் டாக்டர் கர்வி, முன்கோபி. எவரையும் எடுத்தெறிந்து பேசுவார், ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்கமாட்டார். பார்பரா என்ற பள்ளி ஆசிரியை அவரை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்பாள். அந்தத் தொடரைத் தொடங்கிய தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது வயது 27. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த ஒரு பாத்திரத்தைப் ‘பழைய காலத்து ஆள்’ என்று சிரிப்பதற்காகக் குறுக்கியது மலிவான வேலை. இதில் முதல் டாக்டராக வரும் டேவிட் பிராட்லி அதையும் மீறி நன்றாகச் செய்திருக்கிறார். 2013ல் வெளிவந்த ஒரு தொலைக்காட்சிப் படத்தில் ஹார்ட்னலாகவே நடித்தவர் அல்லவா. அதை எழுதிய மார்க் கேட்டிஸ்தான் இங்கே கேப்டன்.

மற்றதில் நான் உங்களோடு முரண்படுகிறேன்.

2005 முதல் 2017 வரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் அன்று மாலை ஒரு டாக்டர் ஹூ என்பது பிபிசியின் வழக்கமாக இருந்தது. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, இங்கிலாந்து அரசியின் உரையையும் கேட்டுவிட்டு சோபாவில் சரிந்திருக்கும் குடும்பம் அதைப் பார்த்தது. தொடரையே பார்க்காத பெரியம்மாவும் கூட இருந்தார். ஆகவே பெரும்பாலும் பண்டிகையைக் கதையின் மேல் பூசிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட ரோபோக்கள், சுழன்று வந்து கொல்லும் கிறிஸ்துமஸ் மரம், டைட்டானிக் என்று பெயரிட்ட விண்கப்பல், பல்லைக் காட்டும் பனிமனிதர்கள். எல்லாம் வேடிக்கைதான், நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் மரத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு குளிர்சாதனப்பெட்டியை வைத்தாலும் கதை நடக்கும்.

நீங்கள் குறைசொல்லும் கதையில் கிறிஸ்துமஸை எடுத்துவிட்டால் கேப்டன் செத்துவிடுவார்.

அந்தக் காட்சியை இன்னொருமுறை பாருங்கள். 1914 டிசம்பர், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனை. குண்டு விழுந்த பள்ளத்தில் ஓர் ஆங்கிலேயனும் ஒரு ஜெர்மானியனும் ஒருவரையொருவர் குறிவைத்தபடி கிடக்கிறார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. இருவருமே சுட விரும்பவில்லை, இருவருமே சுட்டுவிடுவார்கள். நினைவுகளைச் சேகரிக்கக் கண்ணாடிப் பெண் அங்கிருந்து கொண்டுபோன கேப்டனை அதே இடத்தில் திரும்பக் கொண்டுவிட்டே ஆகவேண்டும். டாக்டர் செய்வதெல்லாம் நேரத்தை ஓரிரு மணிநேரம் நகர்த்தி வைப்பது மட்டும்தான். அதற்குள் ஜெர்மன் பக்கம் பாட்டு தொடங்கிவிடுகிறது.

இதை அதிர்ஷ்டம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பாட்டு டாக்டர் கண்டுபிடித்ததல்ல, மொஃபாட் கண்டுபிடித்ததும் அல்ல. 1914 டிசம்பர் 24 இரவு ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஜெர்மன் வீரர்கள் பதுங்குகுழி விளிம்பில் சின்னச் சின்ன மரங்களையும் மெழுகுவர்த்திகளையும் வைத்துப் பாடினார்கள். எதிர்ப்பக்கம் பதிலுக்குப் பாடியது. மறுநாள் பல இடங்களில் இரு தரப்பும் நடுவெளிக்கு வந்து கைகுலுக்கின, புகையிலையும் சட்டைப் பொத்தான்களும் கைமாறின, வாரக்கணக்கில் கிடந்த பிணங்களைப் புதைத்தார்கள். போர்முனை முழுக்க அல்ல. அதே நாளில் வேறிடங்களில் சுட்டுக்கொண்டும் இருந்தார்கள். மேலதிகாரிகளுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்படி எதுவும் நடக்கக்கூடாது என்று கடுமையான உத்தரவுகள் வந்தன. அந்த அளவில் அது பிறகு நடக்கவேயில்லை. கேப்டன் 1915லோ 1916லோ அந்தப் பள்ளத்தில் கிடந்திருந்தால் டாக்டரின் இரண்டு மணிநேரத்தால் ஒரு பயனுமில்லை. பிரபஞ்சத்தையே பலமுறை காப்பாற்றியவர் இங்கே வெறுமனே ஓரமாக நின்று பார்க்கிறார், காப்பாற்றுவது பெயர் தெரியாத சிப்பாய்கள். இப்படி ஒரு கதைக்கு ஒரு வில்லனையும் கொடுத்து, அவனை டாக்டர் முறியடிக்கவும் செய்திருந்தால், அந்தச் சிப்பாய்கள் பின்னணிக் கூட்டமாகச் சுருங்கியிருப்பார்கள். கண்ணாடிப் பெண்ணிடம் கெட்ட திட்டம் எதுவுமில்லை என்று தெரிந்ததும் கபால்டி கையைப் பிசைகிறாரே, அந்த இடத்திலேயே மொஃபாட் நமக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்.

இரண்டு டாக்டர்களும் அடம்பிடிக்கிறார்கள் என்றீர்கள். உண்மை, நடுப்பகுதி கொஞ்சம் இழுக்கிறது. டாக்டரின் பழைய எதிரி இனமான டாலெக் ஒன்றைத் தேடிப்போகும் பகுதி இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பின்னணி இது: மொஃபாட் கபால்டியின் கதையை 2017 ஜூலையில் சீசன் முடிவோடு முடிக்கவே நினைத்திருந்தார். அடுத்துப் பொறுப்பேற்கவிருந்த கிறிஸ் சிப்னலுக்குக் கிறிஸ்துமஸ் பகுதியோடு தொடங்க விருப்பமில்லை. ஓராண்டு விட்டால் அந்த நாளே தொடரின் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து, மொஃபாட் இன்னொன்றை எழுத ஒப்புக்கொண்டார். கிளம்பவேண்டிய எழுத்தாளர், கிளம்பவேண்டிய நடிகர், கிளம்பமாட்டேன் என்னும் பாத்திரம். தயக்கத்தைத் தவிர வேறெதை எழுதியிருக்க முடியும்? அவர் பயந்ததும் வீண்போகவில்லை. அடுத்த சிறப்புப் பகுதி 2019 ஜனவரி 1க்குப் போனது. கிறிஸ்துமஸுக்குத் திரும்ப 2023 ஆனது.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஓரிடம். பள்ளத்துக்குத் திரும்பும்முன் கேப்டன் தன் குடும்பத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளும்படி கேட்டு, முதல்முறையாகத் தன் பெயரைச் சொல்கிறார்: லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட். கபால்டியின் முகம் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். புதிய சீசன்களை மட்டும் பார்த்தவருக்கு அதன் முழுக்கனம் தெரிய வாய்ப்பில்லை. கேப்டனின் குடும்பத்தில் பின்னாளில் வருபவராக நிகோலஸ் கோர்ட்னி நடித்த பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்தான் பழைய டாக்டர்களுக்குப் பூமியில் இருந்த ஒரே நிரந்தர நண்பர். அவரை அறிமுகப்படுத்திய 1968ன் ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையைத் தேடிப் பாருங்கள். தொலைந்துபோன பகுதிகளில் பெரும்பாலானவை 2013ல் நைஜீரியாவிலிருந்து கிடைத்துவிட்டன. அவர் முதலில் முகம் காட்டும் மூன்றாம் பகுதி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அதை அனிமேஷனாகத்தான் பார்க்கவேண்டும்.