சிஸ்டரைக் கேளுங்கள்: குளியலறைக்கு வெளியே ஒரு ஸ்டூல்

(பதிலளிப்பவர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். 2018 முதல் நெஞ்சில் ஐ.சி.டி. கருவியுடன் வாழ்பவர். ஐ.சி.டி. என்பது, இதயம் தாறுமாறாகத் துடித்தால் உள்ளிருந்தே மின்அதிர்ச்சி (ஷாக்) கொடுத்து அதைச் சீராக்கும் சிறு பெட்டி.)

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறோம். மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனமாகிவிட்டதென்று போன வருடம் இடது காறை எலும்புக்குக் கீழே ஐ.சி.டி. வைத்தார்கள். தை மாதம் குளித்துக்கொண்டிருந்தபோது ஷாக் அடித்துவிட்டது. அன்றிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை. நான் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வயதுப் பேத்தியைத் தூக்குவதில்லை. கடைக்கும் போவதில்லை. இரவில் "அடித்துவிட்டது" என்று வேர்த்து எழுகிறார். கருவியைச் சோதித்தவர்களோ, தை மாதத்துக்குப் பிறகு ஒருமுறைகூட அடிக்கவில்லை என்கிறார்கள். என் கொழுந்தனார் "எல்லாம் நடிப்பு" என்கிறார். கருவியை எடுத்துவிடலாமா சிஸ்டர்?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: முதலில் உங்கள் கொழுந்தனாருக்கு. எனக்கு ஷாக் அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிடக் குனிந்தேன். உள்ளேயிருந்து யாரோ உலக்கையால் நெஞ்சில் இடித்ததுபோல் இருந்தது. கையிலிருந்த தண்ணீர்க் கிண்ணம் சுவரில் போய் மோதியது. கிரைண்டரில் கரண்ட் கசிகிறது என்று நினைத்து என் மகன் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்துவிட்டான். மருத்துவமனையில் பதிவை எடுத்துப் பார்த்தபோதுதான், இதயம் தறிகெட்டு ஓடியதும், பெட்டி அதை அடித்து நேராக்கியதும் தெரிந்தது.

கிரைண்டர்மேல் குற்றமில்லை. ஆனாலும் அடுத்த ஐந்து மாதம் எங்கள் வீட்டில் கடை மாவுதான். வார்டில் எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்னவள் நான்! சூடுகண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்களே, அப்படித்தான். உங்கள் கணவருக்கு அந்த அடுப்பங்கரை குளியலறை.

இரவில் வருவதற்கும் பெயர் உண்டு: ஃபான்டம் ஷாக். காலை இழந்தவருக்கு இல்லாத காலில் வலிக்கும் அல்லவா, அந்த வகை. பெரும்பாலும் கண் சொக்கும் நேரத்தில் வரும். கருவியில் பதிவு இருக்காது, ஆனால் அவர் உணர்ந்தது உண்மை. ஆகவே "எதுவும் அடிக்கவில்லையாம்" என்று குற்றம்சாட்டும் குரலில் சொல்லாதீர்கள். அடுத்த பரிசோதனையில் அந்தப் பதிவை அவர் கையிலேயே கொடுத்து விளக்கச் சொல்லுங்கள்.

தை மாதத்து முதல் ஷாக்கின் பதிவையும் கேளுங்கள். வாட்டர் ஹீட்டரில் கரண்ட் கசிந்தால் அதையே இதயத் துடிப்பு என்று எண்ணிப் பெட்டி தவறாக அடித்த சம்பவங்கள் உண்டு. பதிவில் அது தெரிந்துவிடும். எப்படியிருந்தாலும் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். (என் மகன் செய்ததும் முழு முட்டாள்தனம் இல்லை.)

இனி ஸ்டூல். இந்த வாரம் அதைக் குளியலறை வாசலிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுங்கள். அடுத்த வாரம் கூடத்துக்கு. அதற்கடுத்து கதவைச் சாத்தட்டும், தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம். அவர் முணுமுணுப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள். பேத்தியைத் தூக்கியிருக்கும்போது ஷாக் வந்தால் குழந்தைக்குச் சிறு சுருக்கென்று தெரியலாம், ஆபத்தில்லை. தவறிக் கீழே போட்டுவிடுவோமோ என்பதுதான் பயம் என்றால், தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். கடைக்கும் காலையில் ஒரு மணி நேரம் போய்வரட்டும். டாக்டர் சொல்லும்வரை வண்டியை மட்டும் தொட வேண்டாம்.

ஒரு தாளில் இதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்: ஒரு ஷாக் அடித்து, பிறகு உடம்பு சரியாக இருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்வது. ஒரே நாளில் இரண்டு அடித்தாலோ, ஒன்றே அடித்து மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தாலோ, 108. இதை ஒட்டிய பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

ஒரு மாதத்தில் மாற்றம் இல்லையென்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். கருவி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகள் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கும்.

கருவியை எடுக்கும் பேச்சு இப்போது வேண்டாம். இதை உருவாக்கிய மருத்துவர் மிஷெல் மிரோவ்ஸ்கி. 1960-களில் அவருடைய மூத்த மருத்துவர் ஒருவர் இதே துடிப்புக் கோளாறால் இறந்தார். எப்போது வருமென்று தெரியாத சாவுக்காக ஒருவரை ஆயுள் முழுக்க மருத்துவமனையிலேயே படுக்கவைக்க முடியுமா என்ற ஆற்றாமையில் தொடங்கிய வேலை, 1980-ல் பால்டிமோரில் முதல் நோயாளியின் உடம்புக்குள் போனது.

கேள்வி: எனக்கு 26 வயது. 19 வயதில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ரவிக்கை போட்டால் மேடு தெரிகிறது. வரன் பார்க்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் அம்மா.
- வாசகி, காரைக்குடி

பதில்: பேட்டரி தீரும்போது பெட்டியை மாற்ற வேண்டுமே, அப்போது மாமியாரிடம் அப்பெண்டிக்ஸ் என்றா சொல்வீர்கள்? முன்பே சொல்லிவிடுங்கள். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. தரகரிடம் சொன்னால் ஊரே பேசும். அதனால் தரகரிடம் வேண்டாம், மாப்பிள்ளையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். உங்கள் இதய டாக்டரைப் பார்க்க அவரையும் அழைத்துப்போங்கள். குழந்தை பெறுவதைப் பற்றி அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பேஸ்மேக்கருடன் பிள்ளை பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். உடம்புக்குள் முதன்முதலாக பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் சுவீடனின் ஆர்னே லார்சன். 1958-ல் வைத்த அந்தக் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாறின. மனிதர் 86 வயதுவரை வாழ்ந்து 2001-ல்தான் இறந்தார், அதுவும் வேறு நோயில். ரவிக்கையின் கழுத்தைத் தையல்காரர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: தூங்கும்போது பேட்டரி தீர்ந்துவிட்டால்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: திடீரென்று தீராது. மாற்ற வேண்டும் என்பது சில மாதங்களுக்கு முன்பே பரிசோதனையில் தெரிந்துவிடும். சில கருவிகள் ஒலியெழுப்பியும் சொல்லும். என் பெட்டி அந்த ரகம் என்று தெரிந்த நாளிலிருந்து, பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் நான் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அவர் காரை விற்றுவிட்டார்.