மீசை முதலாளியும் மினர்வா மேடையும்

கேள்வி: போன இதழில் உத்பல் தத்தை வங்காளத்தின் பெரிய நாடகாசிரியர் என்று எழுதியிருந்தீர்கள். 'கோல்மால்' இந்திப் படத்தில் மீசைப் பைத்தியம் பிடித்த முதலாளியாக வந்து சிரிக்கவைத்தவர்தானே அவர்? எழுதியதும் கட்சிப் பிரசாரம் என்கிறார்கள். இவருக்கு இவ்வளவு பில்டப் தேவையா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அவரேதான். 'கோல்மால்' வந்தது 1979-ல். அதற்குள் அவர் முப்பது வருடம் மேடையில் காய்ச்சி எடுக்கப்பட்டவர். கல்லூரிப் பையனாக இருந்தபோதே ஆங்கிலேய நடிகர் ஜெஃப்ரி கெண்டலின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். ஆங்கிலத்தில் நடித்தால் கோட்டு போட்டவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று புரிந்ததும் வங்காள மொழிக்கு மாறினார். 1959-ல் கல்கத்தாவின் மினர்வா தியேட்டரையே குத்தகைக்கு எடுத்தார்.

அங்கே போட்ட 'அங்கார்' நிலக்கரிச் சுரங்கக் கதை. சுரங்கத்தில் தீப்பிடிக்கிறது. உள்ளே ஆட்கள் இருக்கும்போதே, சொத்தைக் காப்பாற்ற நிர்வாகம் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. இசை ரவிசங்கர். மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒளியமைப்பாளர் தாபஸ் சென்னின் விளக்குதான் இடுப்பு, கழுத்து என்று ஏறி ஆட்களை மூழ்கடித்தது. நாடகத்தை விளக்கு விழுங்கிவிட்டது என்று முணுமுணுத்த விமர்சகர்களும் உண்டு.

சரி, பிரசாரத்துக்கு வருவோம். நீங்கள் குற்றச்சாட்டாகச் சொல்வதை அவர் விசிட்டிங் கார்டாகவே வைத்திருந்தார். தன்னைப் பிரசாரகன் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டவர். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்து இந்திய மாலுமிகள் செய்த 1946 கடற்படைக் கலகத்தை வைத்து 1965-ல் 'கல்லோல்' எழுதினார். மேடையில் ஒரு போர்க்கப்பலே வந்து நின்றது. பெரிய பத்திரிகைகள் விளம்பரம் போட மறுத்தன. அதே வருடம் அவரைப் பிடித்து விசாரணையில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். 'கல்லோல் ஓடுகிறது, ஓடும்' என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள், அதுபோலவே ஓடியது. வெறும் கோஷத்தைக் கேட்கக் கைக்காசு கொடுத்து அத்தனை பேர் வந்திருப்பார்களா?

ஒன்று மட்டும் படித்துப் பாருங்கள் என்றால் 'டினேர் தல்வார்' என்பேன். தகர வாள் என்று அர்த்தம். 1971-ல் மேடையேறியது, கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில். நாடகக் கம்பெனி கேப்டன் ராத்திரியில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். சாக்கடைக் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டும் ஒரு துப்புரவுத் தொழிலாளி அவர் மேல் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு வாயைக் கிளறுகிறான். ராஜா ராணி வேஷம் கட்டித் தகர வாளைச் சுற்றுகிறாயே, என்னைப் பற்றி ஒரு நாடகம் போடுவாயா என்பதுதான் அவன் கேட்பதன் சாரம். கேப்டனிடம் பதில் இல்லை. அப்புறம் நாடகங்களைத் தடைசெய்ய வெள்ளைக்காரன் போட்ட 1876 நாடகச் சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கிறது. (அந்தச் சட்டத்தின் தம்பிதான் 1954-ல் இங்கே எம்.ஆர். ராதாவைக் குறிவைத்து வந்தது.) கடைசியில் எதிரே வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருக்க, நடக்கிற நாடகத்தை நடுவில் விட்டுவிட்டுத் வெள்ளையரை எதிர்த்துக் கலகம் செய்த விவசாயத் தலைவன் தீத்துமீரின் தடைக்குரிய வசனத்துக்குத் தாவுகிறார் கேப்டன். நையாண்டி, பாட்டு, அடிதடி எல்லாம் உள்ள நாடகம். உங்கள் 'கோல்மால்' சிரிப்பு இங்கிருந்து போனதுதான்.

நாடகம் சோறு போடாது என்பது வங்காளத்திலும் நிஜம். அதனால் சினிமாவுக்குப் போனார். போன இடத்திலும் சும்மா இல்லை: 1969-ல் வந்த 'புவன் ஷோம்' படத்தில் நடித்ததற்குத் தேசிய விருது, அப்புறம் சத்யஜித் ராயின் 'ஹீரக் ராஜார் தேஷே' படத்தில் வைர ராஜா வேஷம்.

அவரைக் குறை சொல்லத்தான் வேண்டும் என்றால் நானே ஒன்று எடுத்துத் தருகிறேன். நிஜத்தில் கலகம் செய்த மாலுமிகள் சரணடைந்தார்கள். 'கல்லோல்' கப்பல் சரணடைய மறுக்கிறது. அடுத்த கடிதத்தில் அதைக் கேளுங்கள், மீசையை விட்டுவிட்டு.