வீடியோ கேம் பாத்திரங்களைக் கைவேலையாகச் செய்வது வளர்ந்தவர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கா? எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி கேட்டவர் தமக்கு முப்பது வயதாகிறது என்றும், வீடியோ கேம்களில் வரும் உருவங்களைத் துணியிலும் காகிதத்திலும் செய்து பார்க்க ஆசை என்றும், வீட்டில் உள்ளவர்கள் அதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். நீங்கள் திருமணமான பெண்ணாகத்தான் இருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருபவள் என்பதால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு வயது 43. கும்பகோணத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பிறந்தது திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1990-களின் நடுவில் சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மாமா விடுமுறைக்கு வந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியில் செருகி ஆடும் கேம் ஒன்றை அண்ணனுக்கு வாங்கி வந்தார். அண்ணனும் அவன் நண்பர்களும் ஆடி முடித்து எனக்கு முறை வருவதற்குள் மின்சாரம் போய்விடும், அல்லது அம்மா கூப்பிட்டுவிடுவார். ஆடக் கிடைக்காத நேரத்தில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்ததைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைந்தேன். அந்த ஆட்டத்தின் நாயகன் மாரியோ 12 கட்டம் அகலம், 16 கட்டம் உயரம். தொப்பிக்குச் சிவப்பு, மீசைக்கு மரநிறம். அம்மா அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, திட்டுவார் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, "இது நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா?" என்று மட்டும் கேட்டார்.

நேர்ப்புள்ளிதான். அந்த மார்கழியில் ஒரு விடியற்காலை அம்மா புள்ளி வைத்துக் கொடுக்க, நான் கட்டங்களைக் கோலப்பொடியால் நிரப்பினேன். செங்காவியில் தொப்பி போட்டதும், பூசணிப்பூவை நடுவில் செருகியதும் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. தெருவில் போனவர்கள் யாரோ அரசியல் தலைவர் என்று நினைத்தார்கள். அம்மா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

பிற்காலத்தில்தான் அந்த உருவத்தின் கதையைப் படித்தேன். 1981-இல் வெளிவந்த டாங்கி காங் விளையாட்டுக்காக ஜப்பானிய விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ அதை வரைந்தபோது அவருக்குத் திரையில் கிடைத்தது மிகச் சில புள்ளிகள். அத்தனை சிறிய இடத்தில் தலைமுடி காட்ட முடியாததால் தொப்பி போட்டார், வாய் வரைய முடியாததால் மீசை வைத்தார், கை அசைவது உடம்போடு கலந்து மறைந்துவிடாமலிருக்க வேறு நிறத்தில், மார்பு வரை வரும் வார் வைத்த கால்சட்டை மாட்டினார். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இருக்கிற புள்ளிக்குள் மயிலைக் கொண்டுவரக் கழுத்தை எந்த இடத்தில் வளைப்பது என்று அம்மா யோசிப்பதும் இதே யோசனைதான். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு. இடத்தை மிச்சம் பிடிக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரே மாதிரியை ஒரு தலையணை உறையில் வெள்ளை நூலிலும் அதன் சோடியில் பச்சை நூலிலும் போட்டு நானும் பார்த்தேன். ஒன்று மேகமாகவும் மற்றது புதராகவும் தெரிந்தன.

இனி, உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ள நிகழ்ச்சிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு, புள்ளிகளைத் தின்றபடி ஓடும் உருவத்தைப் பேய்கள் துரத்தும் பேக்மேன் விளையாட்டின் நான்கு பேய்களையும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளாகச் செய்வது என்று முடிவு செய்தேன். பேக்மேனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1980-இல் அதை உருவாக்கிய தோரு இவாட்டானி, பெண்களும் விரும்பி வந்து ஆடும் ஓர் ஆட்டம் வேண்டும் என்று எண்ணி, சுடுவதை விட்டுவிட்டுச் சாப்பிடுவதை மையமாக வைத்தார். முறைக்காகக் காத்திருந்தே வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி மிகவும் பிடித்தமானது.

செய்முறை என் அப்பாயியுடையது. பழைய செய்தித்தாளை மூன்று நாள் ஊறவைத்து, வெந்தயத்தையும் ஊறவைத்துச் சேர்த்து ஆட்டுக்கல்லில் மை போல அரைத்து, குண்டானைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் காகிதக்கூழ்க் கூடை செய்வார். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடித்து நிறுத்தும், அதன் கசப்பால் பூச்சியும் அண்டாது என்பார். நான் குண்டானுக்குப் பதில் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டேன். அதன் உருண்டை அடியில் களிமண்ணை நிரப்பி, மேலே கூழால் பேயின் உடம்பை எழுப்பினால் சாய்த்துவிட்டாலும் தானே எழுந்து நிற்கும் என்பது என் கணக்கு.

முதல் பொம்மை எழுந்து நிற்கவில்லை. தள்ளியதும் சாய்ந்து, சாய்ந்தபடியே கிடந்தது. கொட்டாங்கச்சியின் விளிம்பு வரை மண்ணை நிரப்பி, மேலே கூழையும் கனமாக அப்பியிருந்தேன். கனமெல்லாம் உருண்டையின் அடிமட்டத்தில் அடங்கியிருந்தால்தான், பொம்மை சாயும்போது அந்தக் கனம் மேலே தூக்கப்பட்டு, மீண்டும் கீழே வர முயன்று பொம்மையை நிமிர்த்தும். கனம் மேலே ஏறிவிட்டால் நிமிர்த்துவதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டாவது பொம்மையில் மண்ணை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினேன். நின்றது, ஆனால் ஒரு வாரத்தில் மண் காய்ந்து சுருங்கிக் கழன்று, ஆட்டும்போதெல்லாம் உள்ளே கிலுகிலுப்பை போல் சத்தம் போட்டது. வாய்க்கால் வண்டலை மட்டும் எடுத்திருந்தது என் தவறு. மூன்றாவது முறை ஆற்று மணலைக் கலந்து பிசைந்து, தனியாகக் காயவைத்து, பிறகு புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினேன். அப்போது குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. மேகம் கவிந்தால் தெருவே நெல்லை மூட ஓடும், நான் என் நான்கு பேய்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்குவேன்.

சுண்ணாம்புப் பொடி பூசித் தேய்த்த பின் வண்ணம் அடித்தேன். சிவப்பு, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், ஆரஞ்சு. பேய்களின் கண்கள் அவை செல்லும் திசையைப் பார்க்கும் என்பதை ஆடியவர்கள் கவனித்திருப்பார்கள். சிவப்பு நேராகத் துரத்தும், இளஞ்சிவப்பு நாம் போகும் இடத்துக்கு முன்னால் போய் மறிக்கப் பார்க்கும், ஆரஞ்சோ அருகில் வந்ததும் விலகி ஓடிவிடும். ஆகவே மூன்று பொம்மைகளின் கருவிழிகளைக் கொலுவின் நடுவை நோக்கி வைத்து, ஆரஞ்சுப் பேயின் கருவிழியை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். சுண்டலுக்கு வந்த பிள்ளைகளில் ஒரு சிறுமி அதைக் கண்டுபிடித்து, "இவன் ஓடிப்போறவன்தானே?" என்று கேட்டாள். நான் பட்ட பாடு அந்த ஒரு கேள்வியில் தீர்ந்தது.

சாமி பொம்மைகளை எடுத்துவிட்டு இவற்றை வைத்தேன் என்று யாரும் எழுத வேண்டாம். மரப்பாச்சியும் கலசமும் தசாவதாரமும் அவற்றின் இடத்திலேயே இருந்தன. பேய்கள் கடைசிப் படிக்கும் கீழே, பூங்கா அமைக்கும் இடத்தில் இருந்தன. என் மாமியார் முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், வந்தவர்களுக்கு அவரே ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு ஆட்டிக் காட்டினார்.

ஆனால் அந்த நான்கு பொம்மைகளையும் ஓர் உள்ளூர்க் கைவினைக் கண்காட்சிக்கு எடுத்துச் சென்றபோது நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஊரையும் அமைப்பையும் சொல்ல விரும்பவில்லை. மேசையில் வைத்திருந்த பெயர் அட்டையைப் பார்த்த பிறகும் நடுவர், "உங்கள் பையன் செய்ததா?" என்று கேட்டார். நான் செய்தது என்றேன். "இது நம் மரபில் வராதே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பொம்மையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பரிசு கிடைக்காதது எனக்கு வருத்தமில்லை. தலைமுறை தலைமுறையாகத் தலையாட்டிப் பொம்மை செய்பவர்களின் கைக்கு முன்னால் என் வேலை மிகச் சாதாரணமானது, அதை நான் அறிவேன். ஆட்டிப் பார்க்காமல் ஒரு தலையாட்டிப் பொம்மையை மதிப்பிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மரபு என்கிறார்கள். கொலுவில் கிரிக்கெட் செட் வைக்கிறோம். பதினொரு பேரும் மட்டையும் விக்கெட்டுமாகக் கடையிலேயே விற்கிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை. பெரிய கோயில் விமானத்திலேயே தொப்பி போட்ட உருவம் ஒன்று இருப்பதைத் தஞ்சாவூருக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் மண்ணிலும் கல்லிலும் செய்து பார்த்த ஊர் இது. நான் வளரும்போது என் கண்ணில் பட்டவை மாரியோவும் பேக்மேனும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னூட்டத்தில் இது வரும் என்று தெரியும். இந்தப் பாத்திரங்களின் உரிமை அவற்றை வெளியிட்ட நிறுவனங்களுடையது. வீட்டில் வைத்துக்கொள்ளவும் உறவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் செய்கிறேனே தவிர, ஒன்றைக்கூட விலைக்குக் கொடுத்ததில்லை. கேட்டவர்களுக்கு மறுத்திருக்கிறேன். நீங்கள் வருமானத்துக்காகத் தொடங்குவதாக இருந்தால் என் அனுபவம் உங்களுக்குப் பயன்படாது.

பொருளைத் தேடி ஆன்லைனில் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குக் கட்டும் நெட்டி மாலை நம் பக்கத்தில் எல்லாக் கடைத்தெருவிலும் கிடைக்கும். குளத்தில் வளரும் நெட்டிச் செடியின் தண்டுதான் அது. தெர்மோகோல் போன்ற எடை, பஞ்சு போன்ற மென்மை. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. என் மகன், கட்டிகளால் ஆன உலகில் ஆடும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் வரும் கிரீப்பர் என்ற பச்சைப் பூதம் வேண்டும் என்று கேட்ட ஆண்டில், பொங்கல் முடிந்ததும் தெரிந்தவர் வீட்டில் மாட்டுக்குக் கட்டாமல் மிச்சம் வைத்திருந்த பச்சை மாலை ஒன்றை வாங்கி வந்து பிரித்தேன். கிரீப்பரின் முகம் எட்டுக்கு எட்டு, 64 கட்டம். ஒவ்வொரு நெட்டித் துண்டையும் சிறு கட்டியாக நறுக்க வேண்டும். பிளேடை அழுத்தினால் நெட்டி நசுங்கி, பிறகு எழும்பாது. புதுப் பிளேடை அழுத்தாமல், வயலின் வில்லைப் போல் இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். சாயம் ஒரே சீராக ஏறியிருக்காது. ஒரு துண்டு கரும்பச்சை, இன்னொன்று நாற்றங்கால் பச்சை, வேறொன்றின் நடுவில் வெள்ளை தெரியும். குறை என்று நான் நினைத்த அதுதான் அந்த முகத்துக்கு வேண்டியிருந்தது. விளையாட்டிலும் கிரீப்பரின் தோல் ஒரே பச்சையாக இராது, பல பச்சைகளின் கலவைதான். பன்றி உருவம் ஒன்றை அமைக்கும்போது உயரமும் நீளமும் இடம் மாறிப்போன தவறிலிருந்துதான் அந்தப் பாத்திரமே பிறந்தது என்பதையும் மகன்தான் எனக்குச் சொன்னான். ஈரக்கையால் மட்டும் தொடாதீர்கள், சாயம் விரலில் ஏறிவிடும்.

நீங்கள் தொடங்குவதற்கு நெட்டியும் வேண்டாம், காகிதக்கூழும் வேண்டாம். தையல் சாமான் கடையில் மேட்டி துணி கால் மீட்டர் வாங்குங்கள், அங்குலத்துக்கு 11 கட்டம் உள்ளதாகக் கேளுங்கள். 1978-இல் தோமோஹிரோ நிஷிகாடோ செய்த, வேற்றுக்கிரகவாசிகள் வரிசை வரிசையாக இறங்கி வரும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில் நடு வரிசைகளில் வரும் நண்டு போன்ற உருவம் 11 கட்டம் அகலம், 8 கட்டம் உயரம். அந்தத் துணியில் சரியாக ஓர் அங்குலம் அகலத்தில் அமையும். கைகளைக் கீழே தொங்கவிட்டிருக்கும் நிலையை எடுத்துக்கொண்டால் மொத்தம் 46 கிராஸ் ஸ்டிச், அதாவது கட்டத்துக்கு ஒன்றாகப் போடும் பெருக்கல் குறித் தையல். முதலில் கணக்கு நோட்டில் வரைந்து எண்ணிப் பாருங்கள். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், இரண்டை மட்டும் பிரித்துக் கோத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தையலிலும் மேலே வரும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். நடுவிலிருந்து தொடங்குங்கள், ஓரத்திலிருந்து தொடங்கி ஒரு கட்டம் பிசகினால் முழுவதையும் பிரிக்க நேரும். மதியம் சமையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பின், நான்கு மணிக்குக் குழாயில் தண்ணீர் வருவதற்குள் 46 தையலையும் முடித்துவிடலாம்.