நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் ஆவணங்களை யார் கண்டெடுப்பார்?

கேள்வி: சென்ற மாதம் ஓரிரவு என் அப்பாவின் உடல்நிலை திடீரென மோசமாகி, மருத்துவமனையில் சேர்த்தோம். காப்பீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வீட்டிலிருந்த பைகளையும் அலமாரியையும் கொட்டிக் கவிழ்த்துத் தேடினோம். கிடைத்தது காலாவதியான பழைய பத்திரம். புதுப்பித்தது அவருடைய மின்னஞ்சலில் இருந்திருக்கிறது. அப்பா இப்போது தேறிவிட்டார். இனியாவது எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். தீயில் எரியாத பெட்டி வாங்கலாமா? சான்றிதழ்களை லேமினேட் செய்துவிடலாமா? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கைபேசியில் வைத்துக்கொண்டால் போதுமா? அப்பாவோ, “நான் இருக்கும்போது உனக்கு எதற்கு இந்தக் கவலை?” என்கிறார்.

பதில்: பெட்டியைப் பிறகு பார்ப்போம். அன்றிரவு உங்கள் வீட்டில் எந்த ஆவணமும் எரியவில்லை, நனையவில்லை, தொலையவுமில்லை. எல்லாம் பத்திரமாகவே இருந்தன. எது எங்கே என்று தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். ஆவணங்களை அடுக்கி வைக்கிற யாரும் தம் கைக்கு எட்டுகிறபடி அடுக்குவார்களே தவிர, அவற்றைத் தேடப்போகிறவர் வேறொருவராக இருக்கலாம் என்று நினைப்பதில்லை. உங்கள் மற்ற கேள்விகளுக்கான விடையும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஆகவே, முதல் வேலை ஒரு தாள் எழுதுவது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு வரி போதும்: என்ன பத்திரம், எந்த நிறுவனம், எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், எப்போது காலாவதியாகிறது, மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது, யாரை அழைக்க வேண்டும். முழு எண்களையும் கடவுச்சொற்களையும் இதில் எழுதாதீர்கள். அப்போதுதான் இந்தத் தாள் வேண்டாதவர் கையில் சிக்கினாலும் பெரிய ஆபத்து இராது. அச்சமில்லாமல் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்திலும், இன்னொன்றை வேறு வீட்டில் வசிக்கும் நம்பகமான ஒருவரிடமும் வைக்கலாம். மேலே தேதி போடுங்கள். கையால் எழுதினாலே போதும். கணினியில் அழகாகக் கட்டம் போட்டுத் தயாரிக்கிறவர்கள், அடுத்த மாற்றம் வரும்போது மறுபடி அச்சிட வேண்டுமே என்று தள்ளிப்போட்டு, கடைசியில் பழைய தாளையே நம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தாளின் பின்பக்கத்தை மருத்துவத்துக்கு ஒதுக்குங்கள். சாப்பிடும் மருந்துகளை நிறுவனம் சூட்டிய பெயரோடு, அதில் அடங்கிய மருந்தின் பெயரையும் அளவையும் சேர்த்து எழுதுங்கள். நிறுவனப் பெயர் இடத்துக்கு இடம் மாறும், மூலப்பெயர் மாறாது. ஒவ்வாமை, செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள், உடலுக்குள் பேஸ்மேக்கர் போன்ற கருவி இருந்தால் அதன் விவரம், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் எண் ஆகியவையும் வேண்டும். பலரும் இரத்த வகையைத்தான் முதலில் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். எழுதுவதில் தவறில்லை. ஆனால், இரத்தம் ஏற்றுவதற்கு முன் மருத்துவமனை தானே சோதித்துப் பார்த்துக்கொள்ளும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பனவற்றை அப்படி உடனடியாகச் சோதித்து அறிந்துவிட முடியாது. மயங்கிக் கிடப்பவருக்காக வேறொருவர் சொல்லியாக வேண்டியவை அவைதான்.

இதில் கைபேசிக்கும் ஒரு பங்கு உண்டு. 2005இல் பிரிட்டனில் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் எண்ணைக் கைபேசியில் ஒரு பொதுவான அடையாளச் சொல்லோடு பதிந்துவைக்கும்படி பிரசாரம் செய்தார். நல்ல யோசனை, பல நாடுகளுக்குப் பரவியது. பிறகு பெரும்பாலான கைபேசிகள் பூட்டப்பட்டவையாகிவிட்டன, அந்த எண் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது. இன்றைய கைபேசிகளில் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய மருத்துவக் குறிப்புப் பகுதி இருக்கிறது. அப்பாவின் கைபேசியில் அதை இன்றே நிரப்பிவிடுங்கள். சில நிமிட வேலை.

அடுத்தது ஆவணங்களைப் பிரிப்பது. கல்வி, வீடு, வங்கி என்று துறைவாரியாகப் பிரிப்பதுதான் வழக்கம். அன்றாடத்துக்கு அது சரி. அவசரத்துக்கு இரண்டு கேள்விகள் வேண்டும். இது தொலைந்தால் மறுபடி பெறுவது எவ்வளவு கடினம்? இது எவ்வளவு விரைவில் கைக்கு வர வேண்டும்? இவை இரண்டும் வெவ்வேறு. கையெழுத்திட்ட உயில், கடன் உறுதிப் பத்திரம், வேறொரு நாட்டில் பல்லாண்டுகளுக்கு முன் பெற்ற சான்றிதழ் போன்றவை தொலைந்தால் பெரும்பாடு. ஆனால் நள்ளிரவில் யாரும் அவற்றைக் கேட்கப்போவதில்லை. காப்பீட்டு அட்டை தொலைந்தால் வேறு கிடைத்துவிடும்; ஆனால் மருத்துவமனையின் சேர்க்கை மேசையில் அடுத்த பத்து நிமிடத்தில் கேட்பார்கள். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருப்பவர், அவசரத்துக்கு அந்தக் கோப்பையே அள்ளிக்கொண்டு ஓடுவார். வீட்டுப் பத்திரம் மருத்துவமனை நாற்காலியில் கிடக்கும்.

மீண்டும் பெறக் கடினமானவற்றை ஒரே இடத்தில், அடிக்கடி தொடாத பத்திரமான இடத்தில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், பதிவான சொத்துப் பத்திரம், பட்டச் சான்றிதழ் போன்றவற்றுக்கு வழங்கிய அலுவலகத்தில் பதிவேடு இருக்கும். நகல் பெற வழி உண்டு. ஆயினும் அந்த அலுவலகமே பேரிடரில் சிக்கக்கூடும் என்பதால், அவற்றையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதே நல்லது. இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய கணக்கு அறிக்கை, கட்டண ரசீது ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. வரிக்கும் வழக்குக்கும் தேவைப்படும் ஆண்டுகள் தாண்டியதும் கிழித்தெறியுங்கள். வெறுமனே குப்பையில் போடாமல், பெயரும் எண்ணும் படிக்க முடியாதபடி கிழியுங்கள்.

உடனே தேவைப்படுபவற்றை நீர் புகாத ஒரு கைப்பைக்குள் போட்டுக் கதவருகே வைக்கலாம். அடையாள ஆவணங்களின் நகல், காப்பீட்டு அட்டை, கடைசி மருந்துச் சீட்டு, மேலே சொன்ன தாளின் ஒரு நகல், மாற்றுச் சாவி, கொஞ்சம் ரொக்கம். முக்கியமான தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதிப் போடுங்கள். நெருங்கியவர்களின் எண்களைக்கூட நாம் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை. கைபேசி அணைந்தால் அண்ணனையும் அழைக்க முடியாது. குடும்பத்தில் ஒவ்வொருவருடைய அண்மைப் புகைப்படமும் ஒன்று இருக்கட்டும். நெரிசலிலோ வெள்ளத்திலோ யாராவது பிரிந்துபோனால், காட்டி விசாரிக்க அது உதவும். பாஸ்போர்ட்டை எங்கே வைத்தாலும் அதன் காலாவதித் தேதியைத் தாளில் குறித்துவிடுங்கள். பயணத்துக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. அவசரப் பயணம் அந்த விதியில் முட்டி நிற்பதுண்டு.

லேமினேட் செய்யாதீர்கள். ஒருமுறை சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கெடாமல் பிரிக்க முடியாது. புடைப்பு முத்திரை தட்டையாகிவிடும். பின்பக்கம் சான்றொப்பமோ குறிப்போ போட இடம் இராது. மூலப் பத்திரம்தானா என்று சோதிக்க முடியாததால் ஏற்க மறுக்கிற அலுவலகங்களும் உண்டு. ஒட்டாத உறையே போதும். அதிலும் பி.வி.சி. உறையைத் தவிர்த்து, பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று குறித்திருப்பதை வாங்குங்கள். பி.வி.சி.யை வளையச் செய்யும் இரசாயனம் நாளடைவில் கசிந்து எழுத்து மையைப் பெயர்த்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். வெப்பத்தால் அச்சிடும் வழவழப்பான ரசீதுத்தாள் எப்படி வைத்தாலும் வெளுக்கும்; பி.வி.சி. உறைக்குள் இன்னும் விரைவாக வெளுக்கும். உத்தரவாதச் சீட்டும் மருத்துவமனை ரசீதும் அந்தத் தாளில் இருந்தால் வாங்கிய அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

இப்போது பெட்டி. விற்கிறவர்கள் ‘தீப்பிடிக்காதது’ என்பார்கள். தரச்சான்று சொல்வது வேறு: வெளியே குறிப்பிட்ட வெப்பத்தில், குறிப்பிட்ட நேரம்வரை, உள்ளே வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டாது என்பதுதான். காகிதத்துக்கான எல்லை ஏறத்தாழ 177 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் காகிதம் பிழைக்கும். கணினித் தட்டு பிழைக்காது. கணினித் தட்டுகளுக்கான தரத்தில் உள்வெப்பம் 52 டிகிரியைத் தாண்டக் கூடாது. காகிதத்துக்கு வாங்கிய பெட்டியில் ஹார்ட் டிஸ்க்கையும் பென் டிரைவையும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஏராளம். இன்னொன்று: இப்பெட்டிகளின் சுவரிலுள்ள பொருள் தன்னுள் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது, தீயில் அந்த நீர் ஆவியாகித்தான் உள்ளே குளிர்ச்சி காக்கப்படுகிறது. சாதாரண நாட்களிலும் உள்ளே ஈரப்பதம் சற்று அதிகமாக இருக்கும். ஆகவே பெட்டிக்குள் வைத்தாலும் காகிதத்தை மூடிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டே வையுங்கள். தீயணைப்பு நீரும் வெள்ளமும் வேறு எதிரிகள். நீர் புகாது என்று தனியாக எழுதியிருந்தால் மட்டுமே அதை நம்பலாம். என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுக்கு இந்தப் பெட்டி கடைசிச் செலவாக இருக்கட்டும். தரையிலிருந்து உயரமான அடுக்கும், நீர் புகாத உறையும், வேறிடத்தில் ஒரு நகலும் இருந்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும்.

ஒருவேளை நனைந்துவிட்டால், ஒட்டிக்கொண்ட தாள்களை உரிக்காதீர்கள். இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். உலர்த்த முடியாத அளவுக்கு நிறைய இருந்தால் பையில் போட்டு உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துவிடலாம். உறைந்த தாளில் பூஞ்சை வளராது. ஆறஅமர வெளியே எடுத்து, நிழலில் காற்றோட்டமாக உலர்த்தலாம்.

ஸ்கேன் செய்வது அவசியம். கைபேசியில் மட்டும் வைப்பது போதாது. முத்திரைகளும் பதிவுக் குறிப்புகளும் பின்பக்கத்தில்தான் இருக்கும் என்பதால் இரண்டு பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவில், பிடிஎஃப் வடிவில், பெயரும் ஆண்டும் கோப்பின் பெயரிலேயே தெரியும்படி சேமியுங்கள். புகைப்படக் கலைஞர்களிடையே பரவிய ஒரு கணக்கு இதற்கும் பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தால் தகவல் அழியக்கூடும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் இணையச் சேமிப்பில் ஏற்றி வைக்கிறோம். நுழைய வேண்டுமானால் கைபேசிக்குக் குறியீடு வரும். கைபேசி தொலைந்திருந்தால்? ஆவணங்கள் பத்திரமாக இருக்கும், உங்களால் உள்ளே போக முடியாது. இத்தகைய கணக்குகள் பெரும்பாலும் மீட்புக் குறியீடுகள் தருகின்றன. அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு, பத்திரமான கோப்பில் வையுங்கள். உரியவர் செயல்பட முடியாமல் போனால் கணக்கை யார் திறக்கலாம் என்று முன்கூட்டியே நியமிக்கும் வசதி கூகுளிலும் ஆப்பிளிலும் இருக்கிறது. கூகுளில் மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம்வரை கணக்கு பயன்படாமல் கிடந்தால் நியமித்தவருக்குத் தகவல் போகும். ஆப்பிளில் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். இரண்டுமே அன்றிரவு போன்ற நெருக்கடிக்கு உதவாது; ஆகவேதான் அச்சிட்ட நகல் வேண்டும் என்கிறேன். அடையாள ஆவணத்தின் நகலை யாருக்காவது அனுப்பும்போது, எதற்காக, என்றைக்கு என்று அதன் குறுக்கே எழுதி அனுப்புவது நல்லது.

சட்டப் பத்திரங்களில் மூன்றே குறிப்புகள். உயிலில் பெரும்பாலும் மூலப் பிரதிதான் செல்லும். அதில் எதையும் ஊசி குத்தி இணைக்காதீர்கள், இருக்கும் ஊசியைப் பிடுங்காதீர்கள். துளை அடையாளம், ஏதோ ஒரு தாள் நீக்கப்பட்டதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். ஒருவர் மட்டுமே திறக்கக்கூடிய வங்கிப் பெட்டகத்தில் அவருடைய உயிலை வைப்பது, பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே பூட்டி வைப்பதுதான். தம் சார்பில் செயல்பட ஒருவர் வேறொருவருக்கு அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுத்திருந்தால், எழுதிக் கொடுத்தவர் நினைவிழந்த நிலையிலும் அது செல்லுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பல நாடுகளில் அதற்கென்று தனி வாசகமோ தனிப் பத்திரமோ வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு பொதுவாக எந்த அதிகாரப் பத்திரமும் செல்லாது.

அப்பாவின் விஷயம்தான் கடினம். “உங்களிடம் என்னென்ன இருக்கிறது?” என்று கேட்டால் அவர் மனம் சுருங்கும், சொத்துக் கணக்கு கேட்பதாகத் தோன்றும். “எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி வையுங்கள், தேவைப்பட்டால்தான் திறப்பேன்” என்று கேளுங்கள். அதற்கு முன் உங்கள் சொந்த ஆவணங்களுக்கு அப்படி ஓர் உறை தயாரித்து அவர் கையில் கொடுங்கள். கேட்கிறவர் தம்முடையதை முதலில் தந்தால், பேச்சு அவருடைய முதுமையைச் சுற்றி வராது. அவர் எழுதத் தொடங்கினால், காப்பீட்டில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது, எல்லா ஆவணங்களிலும் அவர் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்ற இரண்டையும் அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். பணம் தருகிற நேரத்தில் நிறுவனங்கள் தடைபோடுவது பெரும்பாலும் அங்கேதான். அவரே கையெழுத்துப் போட்டுத் திருத்த முடிகிறபோது அது சின்ன வேலை.