லாப்ஸ்டர் போன்ற தடித்த கையெழுத்து ஃபாண்ட் எதற்குத்தான் லாயக்கு?

போஸ்டர் தலைப்புக்கு லாப்ஸ்டர் வைத்ததாகவும், ‘அரதப் பழசாக இருக்கிறது’ என்று போஸ்டர் கேட்டவர் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். பாவம், லாப்ஸ்டர் மேல் பெரிய குற்றமில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த பாப்லோ இம்பல்லாரி 2010-ல் வெளியிட்டது. இலவசம் என்பதால் ஆளாளுக்கு எடுத்துப் போட்டுச் சலிக்க வைத்துவிட்டார்கள்.

வேலைப்பாட்டைப் பாருங்கள். கையால் போர்டு எழுதுபவர் அடுத்த எழுத்தைப் பார்த்துத்தான் இந்த எழுத்தின் வாலை நீட்டுவார், சுருக்குவார். ஃபாண்டில் எழுத்துக்கு ஒரே வடிவம் என்றால் அதற்கு வழியில்லை. அதனால் இம்பல்லாரி ஜோடி ஜோடியாக நிறைய லிகேச்சர்களை, அதாவது பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் சேர்ந்த ஒரே வடிவங்களை, தனியே வரைந்து சேர்த்தார். உங்கள் மென்பொருளில் லிகேச்சர் அணைந்திருந்தால் நீங்கள் பார்ப்பது பாதி லாப்ஸ்டர்தான். இணையப் பக்கத்தில் லெட்டர் ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி) கொடுத்தாலும் இதே கதி: பிரவுசர் லிகேச்சரைக் கைவிட்டுவிடும், எழுத்துகளும் பிடியை விட்டுத் தனித்தனியாக நிற்கும்.

இந்த வகை ஃபாண்டுக்கு ஒன்றிரண்டு சொல் போதும், அதுவும் பெரிதாக. பெயர்ப்பலகை, லேபிள், டி-ஷர்ட், அட்டைத் தலைப்பு எல்லாம் சரி. சிறிய அளவில் வைத்தால் ஆங்கில ‘ஈ’, ‘ஏ’ சிற்றெழுத்துகளின் கண், அதாவது உள்ளே இருக்கும் ஓட்டை, அடைத்துக்கொள்ளும். முழுக்க கேப்பிட்டலில் தயவுசெய்து அடிக்காதீர்கள். அவை சொல்லுக்கு முன்னால் ஒற்றையாக நிற்பதற்காக வரையப்பட்டவை. வரிசையாக நிறுத்தினால் ஒன்றையொன்று முட்டும்.

நான் சூடுபட்டது வினைல் கட்டிங்கில், அதாவது ஸ்டிக்கர் தாளில் எழுத்தை மெஷின் பிளேடால் வெட்டும் வேலையில். எழுத்தை கர்வ்ஸாக (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றியதோடு வேலை முடிந்தது என்று ஃபைலை அனுப்பிவிட்டேன். கையெழுத்து ஃபாண்டில் ஒரு எழுத்தின் வால் அடுத்ததன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். திரையில் ஒரே கறுப்பாகத் தெரிவதால் கண்ணில் படாது. பிளேடு ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் ஓரத்தில் வெட்டியது. உரித்தபோது இணைப்புக்கு இணைப்பு அரிசி அளவுத் துண்டு கழன்று வந்தது. எழுத்துக்கு அவுட்லைன் கொடுத்தாலும் அதே இடங்களில் குறுக்குக் கோடு தெரியும். கர்வ்ஸாக்கியதும் வெல்ட் அல்லது யுனைட் கொடுத்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறிய வடிவங்களை ஒன்றாக்கிவிடுங்கள். பிறகு திருத்துவதற்கு, கர்வ்ஸாக்காத ஃபைல் ஒன்று தனியே இருக்கட்டும்.

‘பழசு’ என்ற புகாருக்கு வருகிறேன். இதே வகைக் கையெழுத்து ஃபாண்டுகளான பிரஷ் ஸ்கிரிப்ட் 1942-ல் வந்தது, மிஸ்ட்ரல் 1953-ல். அந்தக் கால விளம்பர வாசனை இந்தக் குடும்பத்துக்கே உண்டு. அது வேண்டாம் என்றால் ஃபாண்டை மாற்றிப் பயனில்லை, வகையையே மாற்றுங்கள். வேண்டும் என்றால், அந்தத் தலைப்பையே நாலைந்து கையெழுத்து ஃபாண்டில் அடித்துப் பாருங்கள். ஆங்கில ‘ஓ’, ‘பி’ (b), ‘வி’, ‘டபிள்யூ’ சிற்றெழுத்துகளில் இணைப்பு மேலிருந்து கிளம்பும், மற்றவற்றில் கீழிருந்து. மட்டமான ஃபாண்ட் அங்கேதான் காட்டிக்கொடுத்துவிடும்.