கத்திரி வெயிலில் மாடித் தோட்டம்: எந்த நேரம் நல்லது?

கேள்வி: எனக்கு வயது 66. சேலம் அம்மாபேட்டையில் வீட்டு மாடியில் கத்தரி, வெண்டை, கீரை வளர்க்கிறேன். சமையல் முடித்து மாடிக்குப் போகப் பத்தரை மணி ஆகிவிடுகிறது. காலைப் பனியில் சளி பிடிக்கும், மாலையில் செடிகள் கரியமில வாயு விடும் என்கிறார்கள். எந்த நேரம் நல்லது? ஏற்காட்டில் மகள் வீட்டில் நண்பகலில் வேலை செய்தாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. இரத்த அழுத்தத்துக்குக் குளோர்தாலிடோன் மாத்திரை சாப்பிடுகிறேன். வீடியோவில் சொன்னபடி தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். உப்பை அறவே விட்டுவிட்டேன். போன வாரம் மாடியிலிருந்து இறங்கியதும் பேரனை என் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டேனாம். இன்று என்ன கிழமை என்று திரும்பத் திரும்பக் கேட்டேனாம். மாலையில் சரியாகிவிட்டது. என் தாயாருக்கு வந்த மறதி நோய் எனக்கும் தொடங்கிவிட்டதா?

பதில்: இல்லை அம்மா, மறதி நோய் அப்படி வராது. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லப் பிடிக்கும். ஒரே மதியத்தில் வந்து மாலையில் விடைபெற்றுக்கொள்ளாது. ஆனால் நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். திடீரென்று வரும் குழப்பம் மறதி நோயைவிட அவசரமானது. அன்றே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். அதைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு முதல் சந்தேகம் உங்கள் சோடியத்தின் மீது, அதாவது இரத்தத்திலுள்ள உப்புச் சத்தின் மீது. குளோர்தாலிடோன் சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் மாத்திரை. வியர்வையிலும் உப்பு போகிறது. சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிட்டீர்கள். மிச்சமிருப்பதை ஐந்து லிட்டர் தண்ணீரால் நீர்க்கச் செய்கிறீர்கள். இரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். வெகுவாகக் குறைந்தால் பேச்சு தடுமாறும், ஆள் அடையாளம் குழம்பும், வலிப்புகூட வரும். இரத்த அழுத்தக்காரர்களுக்கு உப்பைக் குறைக்கத்தான் சொல்கிறோம், ஒழிக்க அல்ல. உங்கள் வயதையும் மாத்திரையையும் கேட்காமல் ஐந்து லிட்டர் என்று அளந்து கொடுத்தவரிடம் என்ன சொல்வது!

இன்றே சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சர்க்கரை ஆகிய சோதனைகளுக்கு இரத்தம் கொடுங்கள். இதைப் படித்துவிட்டு உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. குறைந்த சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைக்கே கெடுதல். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மாற்றுவதா என்பதை, அதை எழுதிக்கொடுத்த மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் உண்டு. ஒன்று வெப்பத் தாக்கு. வெயிலில் இருந்தவர் உளறினால், வியர்த்துக் கொட்டினாலும் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: நிழலுக்குக் கொண்டுவந்து, புடவையோடு தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போட்டு, 108-ஐ அழைக்க வேண்டும். குழம்பிக் கிடப்பவர் வாயில் எலுமிச்சைச் சாறு புகட்டினால் புரையேறும். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது, இது காய்ச்சல் அல்ல.

மற்றொன்று பக்கவாதம். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்து, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தானாகச் சரியானாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

இனி நேரம். மே மாதச் சேலத்தில் காலை ஆறு முதல் எட்டு. பத்தரை வேண்டவே வேண்டாம். சமையல் காத்திருக்கட்டும், அல்லது வீட்டில் வேறு யாராவது அடுப்பைப் பார்க்கட்டும். மாலை என்றால் ஐந்தரைக்கு மேல், அதுவும் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் வெயில் இறங்கிய பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். குனிந்து களை பறித்துச் சட்டென்று நிமிர்ந்தால் இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலை சுற்றும். ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேலை பாருங்கள்.

பனியால் சளி பிடிக்காது. சளி கிருமியால் வருவது. செடி விடும் கரியமில வாயு, பக்கத்தில் நிற்கும் மனிதர் விடுவதைவிடக் குறைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே நண்பகலிலும் அனல் இல்லை. ஆனால் புற ஊதாக் கதிர் அதிகம், தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்காத ஒன்று: டெங்கு கொசு கடிப்பது பெரும்பாலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும்தான். முழுக்கை ரவிக்கை போடுங்கள். தொட்டிகளுக்கு அடியிலுள்ள தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கழுவுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். அன்றைக்கு என்ன பேசினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. பார்த்தவர் ஒருவர் கூட வரட்டும். இரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.